உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து போகும் வழி

கேள்வி: என் நான்கு வயதுப் பேத்திக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொடி கொடுத்தார்கள். பாக்கெட்டைப் படித்துப் பார்த்தால் உப்பைவிடக் குளுக்கோஸ்தான் அதிகம். குழந்தைக்குத் தெம்பு வருவதற்காகச் சேர்க்கிறார்கள் என்கிறாள் மருமகள். அதே வாரம் என் கணவரின் சர்க்கரை மாத்திரையை மாற்றிய டாக்டர், இது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் என்றார். சிறுநீரில் சர்க்கரை போனால் கெடுதல் என்றுதானே இத்தனை வருடமாகச் சொல்லிவந்தார்கள்? கேட்டதற்கு, பேத்தியின் பொடியும் தாத்தாவின் மாத்திரையும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம் என்று சொல்லிச் சிரித்தார். எப்படி என்று விளக்குவீர்களா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, வீட்டில் இருக்கும் இரண்டு மருந்துகளை அருகருகே வைத்துப் பார்த்து இப்படிக் கேட்பவர்கள் குறைவு. படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. உங்கள் டாக்டர் சொன்னது சரியே. பேத்திக்குக் கொடுத்த பொடி, குடலில் இருக்கும் ஒரு புரதத்தை வேலை வாங்குகிறது. கணவருக்குக் கொடுத்த மாத்திரை, சிறுநீரகத்தில் இருக்கும் அதன் உடன்பிறப்பை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. அந்தப் புரதம் என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டால் உங்கள் இரண்டு சந்தேகங்களும் தீர்ந்துவிடும்.

முதலில் மருமகள் சொன்ன தெம்புக் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. அது சுமார் 54 கலோரி. குழந்தை நாள் முழுவதும் அரை லிட்டர் குடித்தால் கிடைப்பது 27 கலோரி. ஒரு இட்லியிலேயே அதைவிட அதிகம் இருக்கிறது. ஆகவே தெம்புக்காகச் சேர்த்ததாக இருக்க முடியாது. தெம்பு வரட்டும் என்று அதில் இன்னும் இரண்டு ஸ்பூன் சீனியைப் போட்டால் வயிற்றுப்போக்கு கூடவே செய்யும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இதற்கு அடியில் இன்னொரு தவறான எண்ணமும் இருக்கிறது. படித்தவர்களிடமும் அது உண்டு. சாப்பிட்ட உணவு செரித்துக் குளுக்கோஸாகிவிட்டால், துணியில் தண்ணீர் ஊறுவதுபோல அது குடல் சுவரில் தானாக ஊறி இரத்தத்தில் கலந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படி நடக்கவே நடக்காது. சிறுகுடலின் உட்புறம் முழுக்க ஒரே ஒரு வரிசையாகச் செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு உண்டு. குளுக்கோஸோ தண்ணீரில் கரையும் பண்டம். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஐந்து இருக்கின்றன. எண்ணெயில் சீனியைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள், கரையாது. அதே காரணத்தால் குளுக்கோஸால் அந்தக் கொழுப்புச் சவ்வைத் தாண்ட முடியாது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் நுழையலாம் என்றால் அங்கேயும் இறுக்கமான பிணைப்புகள் இருக்கின்றன. குளுக்கோஸைக் கையைப் பிடித்து அழைத்துப்போக ஒரு புரதம் வேண்டும். அதற்குக் கடத்தி என்று பெயர். சவ்வில் பதிந்து உட்கார்ந்து, ஒரு பக்கம் பொருளைப் பிடித்து மறுபக்கம் விடுவது அதன் வேலை.

கடத்தி இருந்தால் மட்டும் போதுமா? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. நாம் சாப்பிடாமல் இருக்கும்போதும் 100 மில்லி இரத்தத்தில் 80, 90 மில்லிகிராம் குளுக்கோஸ் இருந்துகொண்டே இருக்கும். சாப்பிட்ட உடனே குடலில் குளுக்கோஸ் நிறைய இருப்பதால், அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு அது பாய்ந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். பாதி உறிஞ்சியபிறகு குடலில் இருப்பது இரத்தத்தில் இருப்பதைவிடக் குறைந்துவிடுமே, அப்போது? வெறுமனே பரவிச் செல்லும் வழி மட்டும் இருந்தால், மீதிக் குளுக்கோஸ் உள்ளே வராது. உள்ளே வந்ததும் குடலுக்கே திரும்பிக் கசிந்துவிடும். ஆனால் நடப்பது வேறு. ஆரோக்கியமான குடல் கடைசித் துளிவரை குளுக்கோஸை வழித்தெடுத்துக்கொள்கிறது. குறைவான இடத்திலிருந்து அதிகமான இடத்துக்கு, அதாவது மேட்டை நோக்கி, அதை ஏற்றுகிறது.

மேட்டில் ஏற்ற வேண்டுமென்றால் யாராவது உழைக்க வேண்டும். அந்த உழைப்பைக் கொடுப்பது உப்பில் இருக்கும் சோடியம்.

உங்கள் வயதுக்காரர்கள் ஏற்றம் இறைத்ததைப் பார்த்திருக்கலாம். மரத்தின் பின்முனையை நோக்கி ஆள் நடந்துபோகப் போக அந்த முனை தாழும். முன்முனையில் கட்டிய சால் தண்ணீரோடு மேலே வரும். ஆளின் எடை கீழே இறங்குவதுதான் தண்ணீரை மேலே தூக்குகிறது. குடல் செல்லிலும் இதுவே நடக்கிறது. செல்லுக்கு வெளியே சோடியம் ஒரு லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் என்ற அளவில் இருந்தால், உள்ளே 10 முதல் 15தான். போதாததற்குச் செல்லின் உட்புறம் எதிர்மின் தன்மை கொண்டது. நேர்மின் கொண்ட சோடியத்தை அது இழுக்கிறது. எனவே உள்ளே இறங்க வேண்டும் என்ற வேகம் சோடியத்துக்கு எப்போதும் உண்டு. குடலைப் பார்த்த சவ்வில் உள்ள கடத்தி, சோடியத்தைத் தனியாக இறங்கவிடுவதில்லை. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அது வடிவம் மாறி உட்பக்கம் திறக்கும். சோடியம் இறங்குகிற வேகத்தில் குளுக்கோஸ் மேலே ஏறிவிடுகிறது.

இந்தக் கடத்தியின் பெயர் எஸ்.ஜி.எல்.டி.-1. சோடியத்தையும் குளுக்கோஸையும் இணைத்துக் கடத்துவது என்று பொருள்.

ஏற்றத்தில் இறங்கிய ஆள் திரும்ப மேலே ஏறி வர வேண்டுமல்லவா? இறங்கிய சோடியம் செல்லுக்குள்ளேயே தங்கிவிட்டால் சிறிது நேரத்தில் உள்ளும் வெளியும் சமமாகி எல்லாம் நின்றுவிடும். இரத்தத்தைப் பார்த்த பின்பக்கச் சவ்வில் இருக்கும் சோடியம்–பொட்டாசியம் பம்ப் அதைப் பார்த்துக்கொள்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். ஒவ்வொரு முறையும் ஏ.டி.பி. ஒன்றைச் செலவழிக்கும், ஏ.டி.பி. என்பது செல் தன் சக்தியைச் சேர்த்துவைத்திருக்கும் மூலக்கூறு. ஆக நீங்கள் சாப்பிட்ட சோற்றை உறிஞ்சுவதற்கான உண்மையான செலவு இந்தப் பின்பக்கத்தில் நடக்கிறது, முன்பக்கக் கடத்தி தன் கையிலிருந்து எதையும் செலவழிப்பதில்லை. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ 1957இல் இந்தப் பம்பைக் கண்டுபிடித்தார். 1997இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

செல்லுக்குள் இப்படிக் குவிந்த குளுக்கோஸ் இரத்தத்தை அடைவது எளிது. பின்பக்கச் சவ்வில் குளூட்-2 என்ற வேறொரு கடத்தி இருக்கிறது. அதற்குச் சோடியமும் வேண்டாம், சக்தியும் வேண்டாம். உள்ளே அதிகம், இரத்தத்தில் குறைவு என்பதால் குளுக்கோஸ் அதன் வழியாக இறங்கிப் போய்விடும். முன்வாசலில் ஒரு புரதம், பின்வாசலில் வேறொரு புரதம் என்ற இந்த ஏற்பாட்டால்தான் குளுக்கோஸ் எப்போதும் குடலிலிருந்து இரத்தம் என்ற ஒரே திசையில் போகிறது.

சோடியத்தின் ஓட்டம் குளுக்கோஸை மேடேற்றுகிறது என்று முதலில் சொன்னவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன். 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில் அதை முன்வைத்தார். அந்தப் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுக்க இன்னும் 27 ஆண்டுகள் ஆயின. 1987இல் எர்னஸ்ட் ரைட் குழுவினர் முயலின் குடலிலிருந்து எடுத்துக் காட்டினார்கள்.

இங்கே ஒரு சிறு விலகல், உங்கள் கணவருக்கும் பயன்படும். குடல் குளுக்கோஸை எடுக்க இன்சுலின் வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். வேண்டியதில்லை. இன்சுலினுக்காகக் காத்திருக்கும் கடத்தி குளூட்-4. அது தசையிலும் கொழுப்புத் திசுவிலும் இருக்கிறது. குடலில் இருக்கும் எஸ்.ஜி.எல்.டி.-1 இன்சுலினை எதிர்பார்ப்பதே இல்லை. அதனால்தான் சர்க்கரை நோயாளி சாப்பிட்டதும் குளுக்கோஸ் தடையின்றி இரத்தத்துக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து தசைக்குள் போவதில்தான் தகராறு.

இனி பேத்தியின் பொடிக்கு வருவோம். குளுக்கோஸ் உள்ளே போகச் சோடியம் வேண்டும் என்று பார்த்தோம். இதையே திருப்பிப் படித்தால், குளுக்கோஸ் இருந்தால் சோடியமும் உள்ளே போகும். சோடியமும் குளுக்கோஸும் போன பக்கம், செறிவைச் சமன்செய்யத் தண்ணீரும் பின்னாலேயே போகும். ஓ.ஆர்.எஸ்.ஸில் குளுக்கோஸ் இருப்பது உப்பையும் தண்ணீரையும் உள்ளே அழைத்துச் செல்வதற்காக.

காலராவில் இதன் அருமை தெரியும். காலராக் கிருமியின் நச்சு குடல் செல்லில் குளோரைடு வெளியேறும் வழியைத் திறந்து, அடைக்க முடியாமல் செய்துவிடுகிறது. குளோரைடின் பின்னால் சோடியமும் தண்ணீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. கடுமையான நோயாளிக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வெளியேறலாம். உப்பைத் தனியாக உறிஞ்சும் வேறு வழியையும் அந்த நச்சு முடக்கிவிடுவதால், வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் அப்படியே வெளியே வந்துவிடும். ஆனால் எஸ்.ஜி.எல்.டி.-1ஐ அது தொடுவதில்லை. ஒருபக்கம் கொட்டிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் இந்தக் கடத்தி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஓ.ஆர்.எஸ். வயிற்றுப்போக்கை நிறுத்துவதில்லை என்பதை மருமகளிடம் சொல்லுங்கள். போவது போய்க்கொண்டிருக்க, போனதை ஈடுகட்டுகிறது. நின்றபாடில்லையே என்று பாதியில் கைவிடுகிற தாய்மார்கள் நிறையப் பேர்.

1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளுக்கு வாய்வழியாக இந்தக் கரைசலைக் கொடுத்து, நரம்பில் ஏற்றும் சலைனின் தேவை பெருமளவு குறைவதைக் காட்டினார்கள். ஆனால் அது மருத்துவமனைக்குள் நடந்தது. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கான் பகுதிக்கு அகதிகள் லட்சக்கணக்கில் வந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மகலனாபிஸ் ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாதாரண உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று பொட்டலம் கட்டவைத்தார். கொல்கத்தாவில் கட்டிய பொட்டலங்கள் முகாமுக்குப் போயின, டிரம்மில் கரைத்தார்கள், நோயாளியின் அப்பாவும் அக்காவும் மாமாவும் குவளையில் எடுத்து ஊட்டினார்கள். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று 1978இல் லான்செட் இதழ் எழுதியது. மகலனாபிஸ் 2022இல் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தது. வாழும்போதே கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

கூட இரண்டு ஸ்பூன் சீனி ஏன் கூடாது என்று சொல்வதாகச் சொன்னேன். கடத்தி எடுக்கிற வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு. அதற்கு மேல் குடலில் தேங்கும் சர்க்கரை, இரத்தத்திலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். அதனால் அளவு முக்கியம். பழைய ஓ.ஆர்.எஸ்.ஸில் லிட்டருக்கு 111 மில்லிமோல் குளுக்கோஸும் 90 மில்லிமோல் சோடியமும் இருந்தன. 2002இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இரண்டையும் 75 ஆகக் குறைத்தன. கரைசல் நீர்த்ததும் குழந்தைகளுக்கு நரம்பில் சலைன் ஏற்ற வேண்டிய தேவை சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. குளிர்பானம், பாக்கெட் பழச்சாறு ஆகியவற்றில் சர்க்கரை மிக அதிகம், உப்பு மிகக் குறைவு; வயிற்றுப்போக்கில் அவை உதவாது. ஓ.ஆர்.எஸ். என்று அட்டையில் போட்டுக்கொண்டு இனிப்புப் பானங்கள் மருந்துக்கடையிலேயே விற்றன. கலவை பொருந்தாத பானங்களுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. வாங்கும்போது உலக சுகாதார நிறுவனக் கலவை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பொடி கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு என்று வீட்டிலேயே கரைக்கச் சொல்வார்கள். ஆறு தேக்கரண்டி சீனி சுமார் 25 கிராம். பாக்கெட்டில் 13.5 கிராம்தானே, இங்கே ஏன் இரட்டிப்பு என்று நீங்கள் கேட்பீர்கள் என்றே தோன்றுகிறது. சீனியின் ஒவ்வொரு மூலக்கூறும் குடலில் உடைந்து ஒரு குளுக்கோஸ், ஒரு ஃப்ரக்டோஸ் என்று இரண்டாகிறது. ஃப்ரக்டோஸ் என்பது பழத்திலும் தேனிலும் இருக்கும் சர்க்கரை. அது குளூட்-5 என்ற தனி வழியில் போகும், சோடியத்தைக் கூட்டிப் போகாது. ஆகவே 25 கிராம் சீனியில் நமக்குப் பயன்படும் குளுக்கோஸ் பாதி, சுமார் 13 கிராம். கணக்கு சரியாக வந்துவிடுகிறது பாருங்கள்.

உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ்களின் நீண்ட சங்கிலி. கரைசலில் அது தண்ணீரை அதிகம் இழுக்காது. குடல் சுவரருகே கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து, கடத்தி எடுக்கிற வேகத்துக்குக் குளுக்கோஸைக் கொடுத்துக்கொண்டிருக்கும். அரிசியில் செய்த ஓ.ஆர்.எஸ். காலரா நோயாளிகளின் நீரிழப்பைக் குறைக்கிறது என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. வயிறு சரியில்லாதபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பாட்டிமார்களிடம் நல்ல மருத்துவம் இருந்தது.

மிக அரிதாகச் சில குழந்தைகள் எஸ்.ஜி.எல்.டி.-1 பழுதாகவே பிறக்கின்றன. தாய்ப்பாலில் உள்ள லாக்டோஸ் உடைந்து குளுக்கோஸும் கேலக்டோஸும் ஆகும். இரண்டுக்கும் அந்த ஒரே கடத்திதான். அது இல்லாததால் தாய்ப்பாலே கடும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், ஓ.ஆர்.எஸ்.ஸும் கைகொடுக்காது. ஃப்ரக்டோஸை மட்டும் சர்க்கரையாகக் கொண்ட பால்மாவு கொடுத்தால் குழந்தை தேறிவிடும். இந்த நோய் மருத்துவ உலகுக்கு 1962இல்தான் தெரியவந்தது. குடலில் குளுக்கோஸ் தானாக ஊறுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இப்போது தாத்தாவின் மாத்திரை. சிறுநீரகம் கழிவை வடிகட்டும் உறுப்பு என்று மட்டும் படித்திருக்கிறோம். வடிகட்டுவதைவிடத் திரும்ப எடுப்பதில்தான் அதற்கு வேலை அதிகம். ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. நெஃப்ரான் என்பது ஒரு வடிகட்டியும் அதைத் தொடர்ந்து வரும் நுண்குழாயும் சேர்ந்தது. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் வடிக்கும் நீர் 180 லிட்டர். குளுக்கோஸ் சிறிய மூலக்கூறு என்பதால் அந்த நீரோடு அதுவும் வந்துவிடும். தினமும் சுமார் 180 கிராம். அது அப்படியே சிறுநீரில் போனால் நாள்தோறும் 700 கலோரிக்கு மேல் இழப்போம். ஆனால் ஆரோக்கியமானவரின் சிறுநீரில் குளுக்கோஸ் இல்லை என்றே சொல்லலாம்.

நுண்குழாயின் சுருண்ட முதல் பகுதியில் எஸ்.ஜி.எல்.டி.-2 என்ற கடத்தி வரிசையாக இருக்கிறது. குடலில் பார்த்ததன் உடன்பிறப்பு இதுதான். ஒரு குளுக்கோஸுக்கு ஒரு சோடியம் என்பது இதன் கணக்கு. ஏற்றத்தில் ஒரே ஆள் மிதிப்பதுபோலச் செலவு குறைவு. வடிந்து வரும் குளுக்கோஸில் சுமார் 90 சதவீதத்தை இதுவே எடுத்துவிடுகிறது. மீதி பத்து சதவீதம் கீழே போகப்போக மிக நீர்த்துவிடுவதால், அதைத் தூக்க வலு அதிகம் வேண்டும். குழாயின் கடைசிப் பகுதியில் இரண்டு சோடியத்தைப் பயன்படுத்தும் எஸ்.ஜி.எல்.டி.-1 காத்திருந்து வழித்தெடுக்கிறது. இப்படி எடுத்த குளுக்கோஸ் அங்கிருந்து இரத்தத்துக்குப் போவது குடலில் பார்த்ததுபோலவே, பின்பக்கத்துக் குளூட் கடத்திகள் வழியாக. பின்பக்கத்துப் பம்பும் அதேதான்.

100 மில்லி இரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் இந்தக் கடத்திகள் எல்லாம் நிரம்பிவிடும். எடுக்க முடியாத மிச்சம் சிறுநீரில் வரும். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை நோய் என்று அந்தக் காலத்தில் கண்டுபிடித்தது இதை வைத்துத்தான். சிறுநீரில் சர்க்கரை கெடுதல் என்று உங்களுக்குச் சொன்னதன் பொருள், இரத்தத்தில் அது அளவுக்கு மீறிவிட்டது என்பதுதான். அது சிறுநீரகம் கெட்டுவிட்டதற்கான அடையாளமும் இல்லை. சிறுநீரில் வருகிற சர்க்கரை தன்னளவில் விஷமும் இல்லை. எஸ்.ஜி.எல்.டி.-2 பழுதாகப் பிறந்தவர்களும் இருக்கிறார்கள். தினமும் பல கிராம் குளுக்கோஸ் சிறுநீரில் போகும், ஆனால் இரத்தச் சர்க்கரை சரியாக இருக்கும். பெரும்பாலும் ஒரு தொல்லையும் இல்லாமல் வாழ்கிறார்கள். இந்தக் கடத்தியைத் தடுத்து மருந்து செய்யலாம் என்ற துணிச்சலுக்கு அவர்களும் ஒரு காரணம்.

மருந்தின் மூலம் இன்னும் பழையது. 1835இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து புளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை வருகிறது என்று ஜெர்மனியின் ஜோசஃப் ஃபான் மெரிங் 1886இல் காட்டினார். அது இரண்டு கடத்திகளையும் ஒருசேரத் தடுக்கும். குடலிலும் தடுத்தால் வயிற்றுப்போக்கு வரும். அதோடு வாய்வழியாகக் கொடுத்தால் பெரும்பகுதி குடலிலேயே சிதைந்துவிடும். ஆகவே அது மருந்தாகப் பயன்படவில்லை. அதன் வடிவத்தை மாற்றி மாற்றி, எஸ்.ஜி.எல்.டி.-2ஐ மட்டும் முக்கியமாகத் தடுக்கும்படி செய்தவைதான் இன்றைய டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் மாத்திரைகள். 2012 முதல் ஒவ்வொன்றாக நடைமுறைக்கு வந்தன. கணவரின் மாத்திரைப் பெயர் கிளிஃப்ளோசின் என்று முடிகிறதா பாருங்கள்.

90 சதவீதத்தை எடுக்கும் கடத்தியை அடைத்துவிட்டால் 160 கிராம் வெளியேற வேண்டுமே என்று தோன்றும். அப்படி ஆவதில்லை. கீழே காத்திருக்கும் எஸ்.ஜி.எல்.டி.-1 தன் முழு வலுவையும் காட்டி நிறையக் குளுக்கோஸை எடுத்துவிடுகிறது. நாளுக்கு 60 முதல் 80 கிராம்தான் போகிறது. இரத்தச் சர்க்கரை குறைந்தால் வடிவதும் குறையும், எனவே இந்த மாத்திரை தனியாக இருக்கும்போது சர்க்கரை அபாயகரமாகத் தாழ்வது அரிது. சோடியமும் கொஞ்சம் கூடுதலாக வெளியேறுவதால் வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தம் குறைகிறது. சிறுநீரகத்துக்கு அது நல்லது. 2015 முதல் வந்த பெரிய ஆய்வுகள் இதயச் செயலிழப்பையும் சிறுநீரகச் சிதைவையும் இவை குறைப்பதைக் காட்டியிருக்கின்றன. இன்று சர்க்கரை நோய் இல்லாத இதய நோயாளிகளுக்கும் எழுதுகிறோம்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. இனிப்பான சிறுநீரில் பூஞ்சை வளரும். பிறப்புறுப்பில் அரிப்பு, சிவப்பு வந்தால் வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள், தண்ணீரால் கழுவிச் சுத்தமாக வைத்திருப்பது பாதித் தொல்லையைத் தவிர்க்கும். சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை மூன்று பிளஸ் என்று வரும். மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம், பதற வேண்டாம். இதுபற்றித் தெரியாத வேறு டாக்டரிடம் போனால் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. பேத்திக்கு வந்த வயிற்றுப்போக்கு அடுத்து தாத்தாவுக்கும் வரலாம், ஒரே வீடு. சாப்பிட முடியாமல், உடலில் நீர் வற்றிய நிலையில் இந்த மாத்திரையைத் தொடர்ந்தால் இரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு. கீட்டோ அமில நிலை என்பார்கள். வழக்கமாக அது சர்க்கரை மிக ஏறியவர்களுக்கு வரும். இந்த மாத்திரை சாப்பிடுபவருக்குச் சர்க்கரை அவ்வளவு ஏறாமலே வரலாம், அதனால் தவறவிட்டுவிடுவோம். வயிற்றுப்போக்கோ விடாத வாந்தியோ வந்தாலும், பட்டினி இருக்க நேர்ந்தாலும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாலும், மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று அன்றே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அவர் இன்சுலினும் போட்டுக்கொள்பவராக இருந்தால், அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை நோயாளி ஓ.ஆர்.எஸ். குடிக்கலாமா என்று தயங்கவும் வேண்டாம். 200 மில்லி தம்ளரில் இருக்கும் குளுக்கோஸ் 2.7 கிராம்தான், சீனி போட்ட ஒரு காபியில் அதைவிட அதிகம். வயிற்றுப்போக்கின்போது அவர் தாராளமாகக் குடிக்கட்டும், சர்க்கரையை மட்டும் அடிக்கடி சோதித்துக்கொள்ளட்டும்.